பொழுதுபோக்கு ஏரியின் பழைய மண் அணை: எதைப் பார்க்க வேண்டும், எதைத் தொடக் கூடாது

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பில், படகு விடவும் மீன் பிடிக்கவும் ஓர் ஏரி இருக்கிறது. அதன் தண்ணீரைத் தாங்கி நிற்பது 60 வயதான மண் அணை. வெளிச்சரிவில் பெரிய மரங்கள், கரையடியில் எப்போதும் கொஞ்சம் ஈரம், மதகைத் திறந்து பல வருடம் ஆகிறது. "அறுபது வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே, இப்போது எதற்குச் செலவு?" என்று சங்கத்தில் பாதிப் பேர் கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது, வேலையை எங்கிருந்து தொடங்குவது?

முதலில் அந்த அறுபது வருஷத்தையே எடுத்துக்கொள்வோம். நூறாண்டு வெள்ளம் என்று பொறியாளர்கள் சொல்வது, எந்த ஒரு வருடத்திலும் வருவதற்கு 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளத்தை. இதை வைத்துக் கணக்குப் போட்டால், 60 வருடத்தில் அப்படி ஒரு வெள்ளம் ஒருமுறையாவது வந்திருக்க 45 சதவீத வாய்ப்பு, வராமலே போயிருக்க 55 சதவீத வாய்ப்பு. ஆக உங்கள் அணை நூறாண்டு வெள்ளத்தைக்கூட இன்னும் பார்க்காமல் இருந்திருக்கலாம், ஆனால் கீழே வீடுகள் உள்ள அணை அதைவிட எவ்வளவோ பெரிய வெள்ளத்தையும் தாங்க வேண்டும் என்று பல நாடுகளின் விதிகள் கேட்கின்றன. இவ்வளவு காலம் நின்றது என்பதை வைத்து இனியும் நிற்கும் என்று சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, குழாய் துருப்பிடிப்பது, வேர் ஊடுருவுவது, உள்ளே மண் கொஞ்சம் கொஞ்சமாக அரிபடுவது எல்லாம் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகிறவை. வயது கூடக் கூட ஆபத்துதான் ஏறுகிறது.

இரண்டாவது விஷயத்தைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பொழுதுபோக்கு ஏரிகளுக்கே உரிய ஆபத்து இது. பாசனத்துக்கோ மின்சாரத்துக்கோ இருக்கும் அணையில் தினமும் ஒருவர் மதகைத் திருப்புவார், நீர்மட்டத்தைக் குறித்து வைப்பார். வெறும் அழகுக்கும் விளையாட்டுக்கும் இருக்கும் ஏரியில் அந்த வேலையே இல்லாமல் போய்விடுகிறது, நாளடைவில் அது அணை என்பதே மறந்து எல்லோருக்கும் அது ஒரு நடைபாதையாகவும் மரநிழலாகவும் ஆகிவிடுகிறது. பிறகு ஏரியை இன்னும் வசதியாக்க நல்லெண்ணத்தோடு செய்யும் சின்னச் சின்ன மாற்றங்களே அணைக்கு எமனாகின்றன.

இதற்கு உலகறிந்த உதாரணம் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருந்த சவுத் ஃபோர்க் அணை. கால்வாய்ப் போக்குவரத்துக்குத் தண்ணீர் தருவதற்காகக் கட்டி 1853-ல் முடித்த மண் அணை அது. கால்வாய் வழக்கொழிந்தபின் கைமாறி, 1879-ல் பணக்காரர்களின் மீன்பிடி, வேட்டைக் கழகம் ஒன்றிடம் போனது. அதற்கு முன்பிருந்த உரிமையாளர் அடிமட்டத்தில் இருந்த ஐந்து இரும்பு வெளியேற்றுக் குழாய்களைக் கழற்றிப் பழைய இரும்பாக விற்றிருந்தார், கழகம் அவற்றைத் திரும்பப் பொருத்தவில்லை. இரண்டு குதிரை வண்டிகள் எதிரெதிரே போக வசதியாகக் கரையின் உச்சியை வெட்டித் தாழ்த்தினார்கள். வளர்த்த மீன்கள் வெளியே போய்விடக் கூடாது என்று உபரிநீர் போகும் வழியில் கம்பி வலை வைத்தார்கள். 1889 மே 31 அன்று பெருமழையில் அந்த வலையில் குப்பையும் கிளைகளும் அடைத்துக்கொண்டன, தண்ணீரைக் குறைக்க அடிக்குழாயும் இல்லை, தாழ்ந்திருந்த கரைமேல் வெள்ளம் ஏறி அணை உடைந்தது. கீழே சுமார் 23 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஜான்ஸ்டவுன் நகரத்தில் 2,200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே நடந்த ஒவ்வொன்றையும் எடுத்துப் பாருங்கள்: மீன் வலை, வண்டிப் பாதை, இல்லாத மதகு. இன்றைக்கும் எத்தனையோ ஏரிச் சங்கங்களின் கூட்டங்களில் இதே மூன்றும் வேறு வேறு பெயர்களில் தீர்மானமாக வருகின்றன.

அதனால் உங்கள் முதல் வேலை கலிங்கைப் போய்ப் பார்ப்பது. உபரிநீர் தானாக வழிந்து போகும் அந்த இடம்தான் மண் அணையின் உயிர்நாடி. கான்கிரீட் அணைமேல் தண்ணீர் ஏறினால் அது சில மணிநேரம் தாங்கலாம், மண் அணைமேல் ஏறினால் வெளிச்சரிவு அரிபட ஆரம்பித்து, அரிப்பு பின்னோக்கி நகர்ந்து உச்சியையே வெட்டிவிடும். மண் அணை உடைப்புகளில் பெரும்பகுதி இரண்டே காரணங்களால் வருகிறது, ஒன்று இந்த மேல்வழிவு, இன்னொன்று உள்ளரிப்பு, அதாவது ஊறும் தண்ணீர் அணைக்குள் இருக்கும் மண்ணை அரித்துக்கொண்டு போவது. கலிங்கில் மீன் வலை இருக்கிறதா? கோடையில் நீர்மட்டம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் படகு விட நன்றாக இருக்குமே என்று யாராவது பலகை வைத்து உயர்த்தியிருக்கிறார்களா? கலிங்கு வாய்க்காலின் குறுக்கே நடைபாலம், வேலி, படகு நிறுத்தும் மேடை ஏதாவது வந்திருக்கிறதா? இருந்தால் அவற்றை எடுப்பதுதான் செலவே இல்லாமல் செய்யக்கூடிய மிகப் பெரிய பாதுகாப்பு வேலை. கலிங்குப் பலகை வெறும் 30 சென்டிமீட்டர்தானே என்று தோன்றலாம். உச்சிக்கும் வழக்கமான நீர்மட்டத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மீட்டர் என்றால், அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை அந்தப் பலகை சாப்பிட்டுவிடுகிறது, கலிங்கு வழியே போகக்கூடிய வெள்ளமோ அதைவிட அதிக விகிதத்தில் குறைந்துவிடுகிறது.

ஷட்டர் வைத்த கலிங்கு என்றால் இன்னொரு கவலை சேர்கிறது. அயோவா மாநிலத்தின் லேக் டெல்ஹை அணையும் பொழுதுபோக்கு ஏரியாகவே பயன்பட்டு வந்தது. 2010 ஜூலையில் பெருவெள்ளம் வந்தபோது அதன் மூன்று ஷட்டர்களில் ஒன்று முழுவதுமாகத் திறக்கவில்லை, தண்ணீர் மண் கரைமேல் ஏறி உடைத்துக்கொண்டு போனது. திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காத ஷட்டர் வெறும் சுவர்தான். மழைக்காலம் வருமுன் ஒவ்வொரு ஷட்டரையும் முழுதாக ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும், மின்சாரம் போனால் கையால் எப்படி ஏற்றுவது என்பது குறைந்தது மூன்று நான்கு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

சரி, கரையடி ஈரத்துக்கு வருவோம். பயப்பட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். மண் அணை என்றால் ஊறல் இருக்கத்தான் செய்யும். தெளிந்த நீராக, அளவு மாறாமல், ஏரி மட்டம் ஏறினால் கொஞ்சம் ஏறி இறங்கினால் இறங்குகிற ஊறல் சாதாரணமானது. கலங்கிய நீர்தான் எதிரி. ஊறும் தண்ணீர் மண்ணைச் சுமந்து வந்தால் அணையின் உடம்பு உள்ளிருந்து வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அந்த ஓட்டை வெளியிலிருந்து உள்நோக்கி, ஏரியை நோக்கி வளரும், ஏரியைத் தொட்டுவிட்டால் பிறகு நிமிடக் கணக்குதான். ஐடஹோ மாநிலத்தின் டீட்டன் அணை 1976 ஜூன் 5 அன்று உடைந்தது. அது புது அணை, முதல் முறை நிரப்பும்போதே போனது, ஆனாலும் உள்ளரிப்பு எவ்வளவு வேகமாக முற்றும் என்பதற்கு அதைத்தான் காட்டுவேன். காலை ஏழு மணி வாக்கில் கலங்கிய கசிவைப் பார்த்தார்கள், நண்பகலுக்குள் அணை இல்லை.

எனவே ஊறலை அளக்கத் தொடங்குங்கள். ஒழுகும் நீரை ஒரு சின்ன வாய்க்காலில் சேர்த்து, ஒரு வாளியும் கைக்கடிகாரமும் வைத்து நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று குறித்தாலே போதும். கொஞ்சம் கூடுதலாக வந்தால் செங்கோண முக்கோண வெட்டு வைத்த தகடு ஒன்றைப் பதித்துவிடலாம், அதில் நீரின் உயரம் 5 சென்டிமீட்டர் என்றால் நொடிக்கு முக்கால் லிட்டர், 10 சென்டிமீட்டர் என்றால் நாலே கால் லிட்டருக்கும் சற்று மேல். உயரம் இரண்டு மடங்கானால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கு மேல் ஆகிறது என்பதால், அளவுகோலில் ஒரு சென்டிமீட்டர் ஏறியதை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கூடவே அன்றைய ஏரி மட்டத்தையும் மழையையும் அதே நோட்டில் எழுதுங்கள், இந்த மூன்றும் சேர்ந்து இல்லாவிட்டால் எந்த எண்ணுக்கும் அர்த்தம் கிடைக்காது. கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து ஒரு நாள் அசையாமல் வைத்தால் அடியில் மண் படிகிறதா என்பதும் தெரிந்துவிடும். துருநிறத்தில் வழவழப்பாக ஏதாவது படிந்திருந்தால் அது பெரும்பாலும் இரும்புப் பாக்டீரியா, மண் அல்ல, ஆனால் அது வடிகால் குழாயை அடைக்கும். அதனால்தான், வழக்கமாக வந்துகொண்டிருந்த ஊறல் காரணமில்லாமல் நின்றுபோனாலும் சந்தோஷப்படக் கூடாது. தண்ணீர் வேறு வழி தேடிக்கொண்டதா, வடிகால் அடைபட்டு அணைக்குள் நீரழுத்தம் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இங்கே பலரும் செய்யும் ஒரு காரியத்தைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ஊறல் வரும் இடத்தில் களிமண்ணையோ சிமென்ட்டையோ போட்டு அடைப்பது. வெளியேறும் வாயை மூடினால் தண்ணீர் நிற்காது, அழுத்தம் உள்ளே ஏறும், சரிவு மொத்தமாகச் சரியலாம், அல்லது பத்தடி தள்ளி இன்னும் மோசமான இடத்தில் பீறிடும். சரியான மருந்து வடிகட்டி: அணை மண்ணுக்கு ஏற்ற பருமனுள்ள மணல், அதன்மேல் சல்லி, அதன்மேல் பாரத்துக்குக் கல். தண்ணீரை விட்டுவிட்டு மண்ணை மட்டும் பிடித்து வைக்கும் சல்லடை அது. எந்தப் பருமன் மணல் என்பதை அணை மண்ணைச் சோதித்த பொறியாளர்தான் சொல்ல வேண்டும், கண்ணளவில் போடுகிற வேலை கிடையாது. கலங்கல் திடீரென்று வந்துவிட்ட அவசர நேரத்தில் மட்டும், பொறியாளர் வந்து சேரும்வரை, மணலைக் கொட்டி மேலே சல்லி போட்டு ஏரியையும் இறக்கத் தொடங்கலாம், அதுவும் கரைமேல் நிற்பவர்கள் உயிருக்கு ஆபத்து இல்லை என்றால் மட்டும்.

உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் கவலை தந்தது பல வருடமாகத் திறக்காத மதகுதான். காரணம் இரண்டு. ஒன்று, ஆபத்து வந்தால் ஏரியை இறக்க உங்களிடம் வழியே இல்லை, சவுத் ஃபோர்க்கில் நடந்தது அதுதான். இன்னொன்று, மதகுக் குழாய் அணையின் குறுக்கே உள்ளே போகிறது, அதுவே அணையின் பலவீனமான கோடு. குழாயைச் சுற்றி மண்ணை இறுக்குவது கட்டும்போதே கடினம், அந்த ஓரமாகத் தண்ணீர் நடக்கப் பிரியப்படும். பழைய அணைகளில் பெரும்பாலும் நெளி தகடுக் குழாய் போட்டிருப்பார்கள், அதன் ஆயுள் பொதுவாக 25 முதல் 50 வருடம் என்று கணக்கு, மண்ணும் நீரும் அமிலத்தன்மையாக இருந்தால் அதற்கும் கீழே. உங்கள் அணைக்கு 60. கொலராடோவில் 1903-ல் கட்டிய லான் லேக் என்ற சிறு அணை, சுமார் 8 மீட்டர் உயரம்தான், 1982 ஜூலை 15 அன்று உடைந்து மூன்று பேர் இறந்தார்கள். அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது, வெளியேற்றுக் குழாயும் வால்வும் சேரும் மூட்டில் இருந்த ஈய அடைப்பு நாளடைவில் கெட்டு, அங்கிருந்து அழுத்தத்தோடு கசிந்த நீர் மண்ணை அரித்தது. ஒரே ஒரு மூட்டு.

வால்வு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பழைய வரைபடத்தில் தேடுங்கள். ஏரிப் பக்கம் இருந்தால், மூடியிருக்கும்போது அணைக்குள் குழாய் காலியாக இருக்கும், ஓட்டை விழுந்தாலும் உடனடிக் கேடு குறைவு. வெளிப்பக்கம் மட்டும் வால்வு இருந்தால் குழாய் முழுக்க எப்போதும் ஏரியின் அழுத்தத்தில் நிற்கிறது, துருப்பிடித்து ஓட்டையான இடத்தில் தண்ணீர் அணையின் நடு உடம்புக்குள் நேரே பாயும். இந்த இரண்டாவது வகை என்றால் குழாய்ச் சோதனையை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளாதீர்கள். குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் வேலை இப்போது எளிது. குழாய் பரவாயில்லாமல் நேராக இருந்தால் உள்ளே பாலிஎத்திலீன் குழாய் ஒன்றைச் செருகி இடைவெளியைச் சிமென்ட் குழம்பால் நிரப்பிவிடலாம். வெளியே ஏற்கனவே மண் அரித்து வெற்றிடம் இருந்தால் அது போதாது, தோண்டி மாற்ற வேண்டியிருக்கும்.

அதற்காக இன்றே போய் அந்த வால்வைத் திருப்பிவிடாதீர்கள். பல வருடம் அசையாத வால்வு திறந்தபின் மூடாமல் போகலாம், தண்டு முறியலாம், குழாயின் வாய்ப்பகுதியில் படிந்த வண்டல் மொத்தமாகக் கீழே ஓடையில் போய் விழலாம். முக்குளிப்பவரை அனுப்பி வாயைச் சுத்தம் செய்வதென்றால், மூடிய வால்வின் முன்னால் உள்ள நீரழுத்த வேறுபாடு ஆளையே உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், அதில் உயிர்போனவர்கள் இருக்கிறார்கள், அந்த வேலைக்கென்று பயிற்சி பெற்றவர் மட்டும் போக வேண்டும். எல்லாம் திட்டமிட்டு, மூடாவிட்டால் அடைக்க மாற்றுக் கதவைக் கையில் வைத்துக்கொண்டு, மழையில்லாத நாளில் திறந்து பாருங்கள். ஏரியை இறக்கும்போதும் அவசரம் கூடாது. ஊறிக் கனத்த நீர்ப்பக்கச் சரிவைத் தாங்கி நிற்பது எதிரே இருக்கும் தண்ணீர்தான், அதை வேகமாக எடுத்துவிட்டால் சரிவு வழுக்கிவிடும். சாதாரண நேரத்தில் நாளொன்றுக்கு 30 சென்டிமீட்டருக்கு மேல் இறக்காமல் இருப்பது பொதுவான வழக்கம். அணையே போகப்போகிறது என்ற நிலையில் மட்டும் இந்த வரம்பை மீறலாமா என்பது பொறியாளரின் முடிவு.

மரங்கள். இதில்தான் சங்கத்தில் அதிகச் சண்டை வரும், நிழல் போகிறதே என்று. ஆனாலும் அணையின்மேல் மரம் கூடாது, இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. உயிரோடு இருக்கும் வேர் வடிகாலை அடைக்கும், செத்த வேர் அழுகித் தண்ணீருக்குக் குழாய் போட்டுக் கொடுக்கும். புயலில் பெரிய மரம் வேரோடு சாய்ந்தால் கரையில் ஒரு பெரும் பள்ளத்தையே பெயர்த்துக்கொண்டு போகும், அதுவும் ஏரி நிறைந்து நிற்கிற அதே மழை நாளில். இதற்கெல்லாம் மேலாக, மரமும் புதரும் மண்டிய சரிவில் வெடிப்போ ஊறலோ கண்ணுக்கே தெரியாது. ஜார்ஜியா மாநிலத்தில் கெல்லி பார்ன்ஸ் என்ற சிறிய அணை 1957 வரை மின்சாரத்துக்கு இருந்தது, அதன்பின் பொழுதுபோக்கு ஏரி. செங்குத்தான வெளிச்சரிவு, அதில் மரம் செடி. 1977 நவம்பர் 6 அதிகாலையில் மழைக்கிடையே உடைந்து, கீழே இருந்த கல்லூரி வளாகத்தில் 39 பேர் இறந்தார்கள். ஒரே ஒரு காரணத்தை விசாரணை சுட்டவில்லை, சரிவு சரிந்ததும் ஊறலும் சேர்ந்து நடந்திருக்கலாம் என்றது. அதற்குப் பிறகுதான் அமெரிக்க அரசு நாடு முழுவதும் தனியார் அணைகளில் ஆபத்தானவற்றைச் சோதிக்க உத்தரவிட்டது.

ஆனால் மரத்தை எடுப்பதிலும் முறை இருக்கிறது. கை மணிக்கட்டு அளவுச் செடிகளைத் தரையோடு வெட்டிவிட்டுப் புல் வளர்க்கலாம். பெரிய மரத்தை வெட்டி அடிக்கட்டையை விட்டுவிட்டால், பத்துப் பதினைந்து வருடத்தில் அந்த வேரெல்லாம் அழுகி, பிரச்சினை அடுத்த தலைமுறைக்குத் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். கட்டையையும் தடித்த வேர்களையும் தோண்டி எடுத்து, பள்ளத்தைச் சாய்வாக வெட்டி, ஏற்ற மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இறுக்க வேண்டும், கரையடிக்கு அருகில் என்றால் வடிகட்டி மணலும் வேண்டும். ஏரி நிறைந்திருக்கும்போது கரையடியில் தோண்டவே கூடாது. இதனால்தான் முதல் வெட்டுக்கு முன்பே பொறியாளர் வர வேண்டும் என்கிறேன்.

எலி, பெருச்சாளி வளைகள், மாடு நடந்த தடம், வண்டிச் சக்கரப் பள்ளம் இவற்றை அவ்வப்போது நிரப்பி இறுக்கிவிட்டால் போதும், ஆனால் விட்டுவிட்டால் இவையும் பெரிதாகும். உச்சியை மட்டமானி வைத்து அளப்பதைத் தவிர்க்காதீர்கள். கரை பல வருடத்தில் நடுவில் தாழ்ந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது, வெள்ளம் ஏறினால் தண்ணீர் முழுக்க அந்த ஒரு பள்ளத்தில்தான் பாயும். வெடிப்பு நீளவாக்கில் இருந்தால் சரிவு நகர்கிறதா என்று பார்க்க வேண்டும், குறுக்குவாக்கில் இருந்தால் அது ஏரியிலிருந்து வெளிப்பக்கத்துக்கு நேர்வழி, உடனே ஆளைக் கூப்பிட வேண்டும். விசைப்படகு அலைகள் நீர்ப்பக்கச் சரிவைப் படிபோல வெட்டும், அணையருகே வேகத்தைக் குறைக்க மிதவை கட்டுங்கள், கல் பதிப்பில் பெயர்ந்த கற்களை அடியில் சல்லிப் படுகையோடு சேர்த்துத் திரும்ப வையுங்கள். மிதவை வரிசை கலிங்குக்கு முன்னாலும் வேண்டும். கலிங்கின் அடியில் நீர் திரும்பிச் சுழலும் இடத்தில் சிக்கிய படகையும் ஆளையும் வெளியே எடுப்பது மிகக் கடினம், காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்தே மூழ்கியிருக்கிறார்கள்.

அணை உடம்பில் புதிதாக எதையும் புதைக்காதீர்கள். விளக்குக் கம்பத்துக்கு மின்வயர், தோட்டத்துக்குத் தண்ணீர்க் குழாய், வேலிக்குக் குழி, எதுவானாலும். தோண்டிய அகழியில் மண் பழைய இறுக்கத்துக்குத் திரும்ப வராது, புதைத்த தண்ணீர்க் குழாய் உடைந்தாலோ அது தானே ஓர் உள்ளரிப்பு.

கான்கிரீட் கலிங்கு வாய்க்கால் இருந்தால் மூட்டுகளில் முளைத்த செடிகளைப் பாருங்கள். சின்னச் செடிதானே என்று விடுவார்கள். மூட்டு வழியே வேகமான நீர் கான்கிரீட் பலகைக்கு அடியில் புகுந்தால் அதைத் தூக்கிப் பெயர்க்கும், பிறகு வெறும் மண்ணில்தான் வெள்ளம் ஓடும். இங்கிலாந்தின் டாட்புரூக் அணை 1838-ல் முடிந்தது, அதன் துணைக் கலிங்கு சுமார் 1970-ல் சேர்த்தது. 2019 ஆகஸ்ட் 1 அன்று அந்தக் கலிங்கின் பலகைகள் பெயர்ந்து கரை அரிபட, கீழே வேலி பிரிட்ஜ் ஊரில் சுமார் 1,500 பேரை வெளியேற்றி, விமானப்படை ஹெலிகாப்டரில் கல் கொண்டுவந்து கொட்டி, பம்பு வைத்து நீரை இறக்கினார்கள். பழுதான வடிவமைப்போடு பராமரிப்புக் குறையும் சேர்ந்தே அதற்குக் காரணம் என்று விசாரணையில் வந்தது. உங்கள் கலிங்கின் கான்கிரீட்டைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், பொள்ளலான சத்தம் வந்தால் அடியில் மண் போயிருக்கிறது.

அபாய வகை பற்றி ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். 'உயர் அபாயம்' என்று வகைப்படுத்திக் கடிதம் வந்தால் அணை மோசமாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை, உடைந்தால் உயிர்ச்சேதம் ஆகும் என்று அர்த்தம். நல்ல நிலையில் உள்ள அணையும் உயர் அபாய வகையில் இருக்கலாம். 60 வருடத்துக்கு முன் கீழே வயல் மட்டும் இருந்திருக்கும், அந்த அளவுக்குத்தான் கலிங்கு கட்டியிருப்பார்கள். இன்று அங்கே தெருக்கள் வந்திருந்தால், அணையில் ஒரு கல்லும் மாறாமலேயே உங்கள் பொறுப்பு பல மடங்கு ஏறிவிட்டது. மிச்சிகனின் ஈடன்வில் அணையில் கலிங்கின் கொள்ளளவு போதாது என்று சொல்லி 2018-ல் மின் உற்பத்தி உரிமத்தையே ரத்து செய்தார்கள், அணை அப்படியே நின்றது. 2020 மே 19 அன்று ஏரி வரலாறு காணாத மட்டத்துக்கு ஏறியது, தண்ணீர் கரைமேல் வழியும் முன்பே ஒரு பகுதிச் சரிவு நொடிகளில் குழைந்து ஓடியது, தளர்வான மணல் திடீரெனப் பலமிழந்ததால். கீழே இருந்த சான்ஃபோர்ட் அணையும் போனது. சுமார் 10,000 பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டிருந்ததால் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அந்த வெளியேற்றம் நடந்தது அவசரகாலத் திட்டம் என்ற ஒன்று இருப்பதால்தான். உடைந்தால் தண்ணீர் எங்கெல்லாம், எத்தனை நிமிடத்தில் போகும் என்ற வரைபடம், யார் யாரை எந்த வரிசையில் அழைப்பது, எந்த அறிகுறிக்குக் கண்காணிப்பு, எந்த அறிகுறிக்கு வெளியேற்றம், இவ்வளவுதான் அது. வருடம் ஒருமுறை அந்த எண்களை எல்லாம் அழைத்துப் பாருங்கள், பாதி மாறியிருக்கும். உடைப்பு இரவு மழையிலும் வரலாம், எனவே பெருமழை இரவில் டார்ச்சோடு யார் போய்ப் பார்ப்பது என்பதும் பெயரோடு எழுதப்பட்டிருக்க வேண்டும், இரண்டு பேராக.

பொறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடம் கட்டுபவரை வைத்துச் சமாளிக்காமல், மண் அணைகளில் வேலை பார்த்தவரைத் தேடுங்கள். அவரிடம் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கேளுங்கள்: இன்றைய விதிப்படியான வெள்ளத்தைக் கலிங்கு கடத்துமா, மதகுக் குழாய் எந்த நிலையில் இருக்கிறது, முழு ஏரியை மதகு வழியாக இறக்க எத்தனை நாள் ஆகும். கலிங்கு போதாது என்று வந்தால் உடனே அகலப்படுத்தத்தான் வேண்டும் என்பதில்லை. கலிங்குச் சுவரை மடிப்பு மடிப்பாக வளைத்துக் கட்டினால் அதே அகலத்தில் அதிக நீர் வழியும், வெளிச்சரிவுக்கு உருளை கொண்டு இறுக்கிய கான்கிரீட் போர்த்தி மேல்வழிவைத் தாங்கும்படி செய்யலாம். பணம் சேரும்வரை ஏரி மட்டத்தை நிரந்தரமாகக் கொஞ்சம் குறைத்து வைப்பது மிக மலிவான தற்காப்பு, படகுக்காரர்களுக்குக் கோபம் வரும், ஆனாலும் அதைச் செய்துவிட வேண்டும்.

பராமரிக்கவே முடியாது என்று சங்கம் உண்மையாக முடிவெடுத்தால், அணையை எடுத்துவிடுவதும் கௌரவமான வழிதான், பல இடங்களில் செய்கிறார்கள். அதற்கும் வடிவமைப்பும் அனுமதியும் வேண்டும். ஏரியை மெல்ல இறக்கி, படிந்த வண்டலுக்கு வழி செய்து, வெள்ளமே வந்தாலும் தண்ணீர் தேங்கி நிற்காத அகலத்துக்குக் கரையை அடிவரை வெட்டி, வெட்டிய ஓரங்களுக்குக் கல் பதிக்க வேண்டும். சும்மா ஒரு பொக்லைனைக் கூப்பிட்டு உச்சியில் ஒரு வாய்க்கால் கீறிவிட்டால், அடுத்த மழை அந்தக் கீறல் வழியாகவே அணையை உடைத்து, மிச்சமிருக்கும் தண்ணீர் முழுவதையும் கீழே உள்ளவர்கள்மேல் தள்ளிவிடும்.